கேப்டன் தடபுடலும் முழங்கால் உயரச் சுவரும்

2023 ஜூலை மூன்றாம் வாரம், பெங்களூரிலிருந்து காரில் வந்த நம்பிராஜன் என்ற நிறுவன அதிகாரி, தென்காசியில் முழங்கால் உயரமுள்ள ஒரு சுவரைத் தாண்ட முடியாமல் மூன்று நாள் நின்றார். அவருக்கு வயது முப்பத்தெட்டு. காலில் கோளாறு எதுவும் இல்லை. வீரகேரளம்புதூரில் போலீஸ்காரர் வீட்டில் பிறந்து, பள்ளிக்கூட நாட்களில் உயரம் தாண்டுவதில் கோப்பை வாங்கியவர். சுவரும் சாதாரணச் செங்கல் சுவர்தான். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேல்மேலாகத் தார் போட்டதில் தெரு உயர்ந்து வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க வாசலை மறித்து அந்தச் சுவரைக் கட்டியிருந்தார்கள். வீட்டார் காலைத் தூக்கி வைத்து உள்ளே போவார்கள். பால்காரர் போவார். எதிர்வீட்டு ஆடும் போகும்.

அது நூர்நிஷாவின் வீடு. குற்றாலத்தில் பேரருவிக்குப் போகும் வழியில் அவருக்கு நேந்திரங்காய் சிப்ஸ் கடை இருந்தது. ஒரே மகள் சஃப்ரின், இருபத்தொன்பது வயது. அவள் பெங்களூரில் வீடியோ கேம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் ஆறு வருடம் கல் வரைந்தாள். ‘மலைவேங்கை’ என்று ஒரு பெரிய விளையாட்டை அங்கே உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஓர் அருவி வரும். அருவிக்குக் கீழே கிடக்கும் பாறை, கூழாங்கல், பாசி பிடித்த படி என்று ஆயிரத்து நூற்று நாற்பது கற்கள் அவள் கையால் ஆனவை. விடுமுறைக்கு ஊர் வந்தால் ஐந்தருவிக்குப் போய், குளிக்காமல் பாறையை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்புவாள். அந்த ஜனவரியில், விளையாட்டு முடியும் தறுவாயில், ஒரே நாளில் அறுபத்து நான்கு பேரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். கம்ப்யூட்டர் திரையில் ஆளுக்கு இரண்டு நிமிடம். திரையில் வந்து தாளைப் பார்த்து வாசித்தவர் நம்பிராஜன். அடுத்த மாதம் முன்னோட்டப் படம் வெளியானபோது, கடைசியில் உழைத்தவர்கள் பட்டியல் ஓடியது. முதலாளி வளர்க்கும் நாயின் பெயர் அதில் இருந்தது. அறுபத்து நான்கு பேரில் ஒருவர் பெயரும் இல்லை.

சஃப்ரின் அழவில்லை. உம்மாவின் கடையில் உட்கார்ந்து காய் சீவினாள். கோபத்தில் சீவிய வில்லைகள் கண்ணாடி போல மெலிந்து, அதுவே வேண்டுமென்று செங்கோட்டையிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். மார்ச் மாதம் அவள் கையை உதறி எழுந்து, ‘சாரல் முரசு’ வார இதழை நடத்திவந்த வல்லிநாயகத்தைப் பார்க்கப் போனாள். நாலு பக்கப் பத்திரிகை. அருவியில் தண்ணீர் நிலவரம், பஸ் நேரம், இரங்கல் செய்தி, மாங்காய் விலை ஆகியவை வரும். அதில் கடைசிப் பக்கம் கீழே ஆறு கட்டம் கேட்டு வாங்கி, ‘கேப்டன் தடபுடல்’ என்ற சித்திரத் தொடரை ஆரம்பித்தாள்.

கேப்டன் தடபுடல் வீடியோ கேமுக்குள் வாழும் வீரன். முதுகில் ஒன்பது துப்பாக்கியும் ஒரு பீரங்கியும். வழி கேட்டால் ஊர்க்காரர்கள் எல்லோரும் “இன்னைக்கு மழை வரும் போல” என்பதை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். புதையல் தேடி அவன் கண்ட வீட்டில் நுழைந்து பானையை உடைக்க, வீட்டுக்காரி விளக்குமாற்றோடு வந்து “ஏலே, ஒங்க வீட்ல பானையே கெடையாதா?” என்பாள். அருவிக்குப் போனால், குளிக்கும் வசதி அடுத்த பதிப்பில் வரும் என்று பலகை தொங்கும். இடது கண்ணைச் சிமிட்டலாம், வலது கண்ணுக்குப் பணம் கட்டித் தங்க உறுப்பினராக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் தூங்காமல் முந்நூறு பேர் செய்த டிராகனை முதலாளி சுற்றிச் சுற்றிப் பார்த்து, “பிரமாதம், இனிமேல்தான் டிராகன் இருக்கிறதே, நீங்கள் எதற்கு?” என்று கேட்பார். தென்காசியில் வீடியோ கேம் என்றால் என்னவென்று அறியாதவர்களும் அந்த முதலாளியை உடனே அடையாளம் கண்டுகொண்டார்கள். ஒவ்வொருவரும் அவரிடம் ஒருமுறையாவது வேலை பார்த்திருந்தார்கள். படங்கள் போனில் ஊர் ஊராகப் போய், ஏப்ரலுக்குள் பெங்களூருக்கும் போய்ச் சேர்ந்தன.

ஜூன் இரண்டாம் வாரம் வந்த கட்டங்களில், டிராகனை வென்று எரிமலையை நீந்திக் கடந்த கேப்டன், முழங்கால் உயரச் சுவர் ஒன்றின் முன்னால் நிற்கிறான். கால்கள் நடக்கின்றன, ஆள் நகரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆடு அவனைப் பார்த்து அசைபோடுகிறது. விளையாட்டுகளில் இது தினம் நடப்பதுதான் என்று சஃப்ரின் சொன்னாள். அந்த இதழ் வெளியான செவ்வாய்க்கிழமை முதல், தென்காசி மாவட்டத்துக்குள் முழங்கால் உயரச் சுவர் எதையும் அந்த நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களால் தாண்ட முடியாமல் போயிற்று. அப்போது அங்கிருந்து யாரும் வராததால் அது ஒருவருக்கும் தெரியவில்லை.

ஜூலையில் நிறுவனத்திடமிருந்து பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்தது. தொடரை ஏழு நாளில் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் பத்திரிகைமேல் வழக்கு வரும், சஃப்ரினுக்கு அனுபவச் சான்றிதழ் கிடைக்காது. சான்றிதழ் இல்லாமல் வேறு எந்த நிறுவனமும் அவளைச் சேர்க்காது. அவள் நோட்டீஸை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனாள். “என்னால ஒங்களுக்கு வம்பு வருது அண்ணாச்சி. நிறுத்திரட்டுமா?” என்று கேட்டாள். வல்லிநாயகம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிதானமாக வாசித்தார். “நாப்பது வருசமா அருவியில தண்ணி விழுது, விழலன்னு போட்டுட்டு இருக்கேன். இதுவரைக்கும் ஒருத்தனும் பயந்ததில்ல. இப்பத்தான் ஒருத்தன் பயந்திருக்கான். நீ வரை பிள்ள,” என்றார். அவள் நோட்டீஸின் பின்பக்கத்திலேயே அடுத்த வாரக் கட்டங்களை வரைந்து கொடுத்துவிட்டு வந்தாள்.

ஏழு நாள் கழித்து நம்பிராஜன் வந்தார். அவர் பையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று சஃப்ரின் கையெழுத்துப் போட வேண்டிய மன்னிப்புக் கடிதம். இன்னொன்று, கையெழுத்துப் போட்டால் வேலையைத் திருப்பித் தரும் உத்தரவு, அதுவும் கற்கள் பிரிவுக்குத் தலைவியாக. காரிலிருந்து இறங்கி, சுவருக்கு மேலே வலது காலைத் தூக்கினார். கால் காற்றில் எதிலோ முட்டித் திரும்ப அதே இடத்தில் இறங்கியது. மறுபடி தூக்கினார். கால் மணி நேரம் அவர் சுவரை நோக்கி நடந்துகொண்டே இருந்தார், ஒரு சாண்கூட நகரவில்லை. பஜாரிலிருந்து வந்த சுமைதூக்கிகள் இருவர் ஆளுக்கொரு பக்கம் அவரைத் தூக்கிக்கொண்டு சுவரைத் தாண்டினார்கள். தாண்டியது அவர்கள் மட்டும். நம்பிராஜன் தெருவிலேயே தன் பையின் மேல் உட்கார்ந்தபடி, வந்த விஷயத்தைச் சத்தமாகச் சொன்னார். முன்னறையில் வரைந்துகொண்டிருந்த சஃப்ரின் நிமிர்ந்து பார்த்து, “உள்ள வந்து குடுங்க சார், வாங்கிக்கிடுதேன்,” என்றாள்.

இரண்டாம் நாளும் வந்தார். ஏணி, நாற்காலி, ஓடிவந்து குதிப்பது எல்லாம் செய்து பார்த்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டு ஆடு மட்டும் அவரைக் கடந்து உள்ளே போய் முருங்கை இலையைத் தின்றுவிட்டுத் திரும்பியது. நூர்நிஷாவுக்கு மனசு கேட்கவில்லை. “ஏட்டி, வேலையத் திருப்பித் தாரேங்காவ. வாங்கிக்கிட்டா என்ன? தலைவியாக்கும்!” என்று மகளிடம் மெல்லச் சொன்னார்.

“மத்த அறுபத்து மூணு பேருக்கும், உம்மா?”

“அவுகளப் பத்தி ஒனக்கென்ன?”

“மரம் வரைஞ்சவ மஞ்சு. தண்ணி வரைஞ்சவன் குற்றாலீஸ்வரன். அவங்க இல்லாம என் கல்லு எங்க கெடக்கும், அந்தரத்துலயா?”

நூர்நிஷா கடைக்குக் கிளம்பிவிட்டார்.

மூன்றாம் நாள் சாரல் பிடித்துக்கொண்டது. நம்பிராஜன் குடை இல்லாமல் நின்றார். நூர்நிஷா கடைக்குப் போகாமல் டீ போட்டு எடுத்துவந்து சுவருக்கு மேலாக நீட்டினார். டம்ளர் தடையில்லாமல் போயிற்று.

“தம்பி, அன்னைக்கு இவள அனுப்புனது நீங்கதானா?”

“ஆமாம்மா.”

“அறுபத்து நாலு பேரையுமா?”

“ஆமா.”

“பேரு ஏதாவது ஞாபகம் இருக்கா?”

நம்பிராஜன் டம்ளரைச் சுவர்மேல் வைத்தார். முதல் பெயரைச் சொன்னார். இரண்டாவதைச் சொன்னார். தாள் எதையும் பார்க்காமல், அன்றைக்கு வாசித்த அதே வரிசையில், தலைப்பெழுத்து உட்பட அறுபத்து நான்கையும் சொன்னார். நடுவில் எங்கும் நிறுத்தவில்லை. ஆறு மாதமாகப் பல் தேய்க்கும்போதெல்லாம் இந்தப் பெயர்கள்தான் வாயில் ஓடுகின்றன என்றார். சஃப்ரின் பென்சிலை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்று கேட்டாள். அவளுடைய பெயர் ஐம்பத்தெட்டாவது.

அப்போது அவர் போன் அடித்தது. முதலாளி. ஒலி அதிகமாக வைத்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. கையெழுத்து வாங்கியாயிற்றா என்றார்.

“வாங்கல சார். நடுவுல ஒரு சுவர் இருக்கு.”

“எவ்வளவு உயரம்?”

“முழங்கால் உயரம் சார்.”

மறுமுனை நம்பிராஜனுக்கு மூளை இருக்கிறதா என்று கேட்டது. நம்பிராஜன் அழைப்பைத் துண்டித்து, நனைந்த விரலைச் சட்டையில் துடைத்து, போனிலேயே நாலு வரி ராஜினாமா எழுதி அனுப்பினார். அனுப்பியாயிற்று என்று திரை காட்டியதும் காலைத் தூக்கினார். எந்தத் தடையும் இல்லாமல் கால் சுவருக்கு அந்தப் பக்கம் ஊன்றியது. கூட்டத்தில் யாரும் கை தட்டவில்லை. சுவரைத் தாண்டி ஒருவர் வீட்டுக்குள் போவதில் வேடிக்கை எதுவும் இல்லாததால் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். உள்ளே போனவர் செய்த முதல் காரியம், ஒரு தாள் கேட்டு வாங்கிப் பெயர்களை எழுதிக் கொடுத்தது. இரண்டாவதாகச் சஃப்ரினைப் பார்த்து, “மன்னிச்சிருங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல,” என்றார். “வேண்டாம். எழுத்துப் பிழை இல்லாம எழுதியிருக்கீங்கல்லா, அது போதும்,” என்றாள் அவள்.

அந்த வாரம் கேப்டன் தடபுடலில் வசனமே இல்லை. ஆறு கட்டங்களையும் ஒன்றாக்கி ஒரு சுவர் மட்டும் இருந்தது. அறுபத்து நான்கு கற்கள், கல்லுக்கு ஒரு பெயர். வல்லிநாயகம் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு மாற்றினார். அருவியில் தண்ணீர் நிலவரம் அந்த வாரம் வரவில்லை. வழக்கும் வரவில்லை. அடுத்த மாதமே நிறுவனம் அதைவிடப் பெரிய சிக்கலில் மாட்டிக்கொண்டது.

ஆகஸ்டில் ‘மலைவேங்கை’யை அருவிக்குப் பக்கத்திலேயே வெளியிட வேண்டுமென்று முதலாளியும் பதினாறு அதிகாரிகளும் குற்றாலம் வந்தார்கள். பேரருவிக்கு முன்னால் உள்ள தாழ்ந்த சுவரின் முன் பதினேழு பேரும் துண்டு கட்டிக்கொண்டு அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே நடந்தார்கள். ஏதோ உடற்பயிற்சி என்று நினைத்து, குளிக்க வந்தவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கடைசியில் லாட்ஜ் குழாயில் குளித்துவிட்டு விளையாட்டை வெளியிட்டார்கள். உலகமெங்கும் விளையாட ஆரம்பித்தவர்கள் முதல் நிலையிலேயே, அருவிக்குப் போகும் பாதையில், முழங்கால் உயரச் சுவர் ஒன்றைப் பார்த்தார்கள். அறுபத்து நான்கு கற்கள். ஒவ்வொன்றிலும் தமிழில் ஒரு பெயர். வேங்கையையே தோளில் சுமக்கும் வீரனால் அதைத் தாண்ட முடியவில்லை. ஒவ்வொரு கல்லின் முன்னும் நின்று பெயரைப் பார்த்துக்கொண்டே போனால் கடைசிக் கல்லுக்கு அப்பால் வழி விட்டது.

நிறுவனத்தின் பொறியாளர்கள் சுவரை அழித்தார்கள். காலையில் அழித்தது மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பி வந்தது. நிரலில் தேடினால் அப்படி ஒரு சுவரே இல்லை. மூன்று மாதம் போராடிவிட்டு, அது விளையாட்டின் சிறப்பம்சம் என்று விளம்பரம் கொடுத்தார்கள். சஃப்ரின் அந்த விளம்பரத்தையும் கேப்டன் தடபுடலில் கேலியாக வரைந்தாள். அனுபவச் சான்றிதழ் அவளுக்கு வரவேயில்லை. அவள் கேட்கவும் இல்லை. சுவரைப் பார்த்துவிட்டு நான்கு நிறுவனங்கள் கூப்பிட்டன. வேலை பார்த்தவர்கள் எல்லோருடைய பெயரையும் போடுவோம் என்று எழுதிக் கொடுத்த ஒன்றுக்கு மட்டும், வீட்டிலிருந்தபடி கல் வரைகிறாள். நம்பிராஜன் தென்காசியிலேயே தங்கி, வேலையைவிட்டு அனுப்பப்பட்டவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறார். அவருக்குப் போடும் டீயில் நூர்நிஷா இப்போது இஞ்சி தட்டிப் போடுகிறார்.

2025 ஏப்ரலில் விளையாட்டில் இருந்த சுவர் நீண்டது. அறுபத்து நான்கு பெயர்கள் தொண்ணூற்றொன்று ஆயின. அந்த இருபத்தேழு பெயரையும் சஃப்ரின் வரையவில்லை, அவர்களை அவளுக்குத் தெரியவும் தெரியாது. இரண்டு நாள் கழித்து, அந்த இருபத்தேழு பேருக்கும் வேலை போன கடிதம் வந்தது. அதன் பிறகு அந்த நிறுவனத்தில் இருப்பவர்கள் காலையில் வந்ததும் முதலில் விளையாட்டைத் திறந்து சுவரைப் பார்க்கிறார்கள். பெயர் இல்லையென்றால் வேலையைத் தொடங்குகிறார்கள். இருந்தால், கடிதம் வரும்வரை காத்திருக்காமல், முதலாளியின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார்கள். முந்தாநாள் பதினொரு பெயர்கள் புதிதாக வந்தன. பதினொரு பேரும் சேர்ந்தே அந்த அறைக்குள் போனார்கள்.