பச்சைப் பலகை

பலகை அறுக்கிற யார்டில் வெள்ளைத் துண்டுகள் ஒரு குவியல், பச்சைத் துண்டுகள் இன்னொரு குவியல். எட்வேட் அறுத்து விழுத்த, கஸ்பர் பொறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தார். வீட்டு வேலிக்கும் பின்முற்றத்து மரத்தள டெக்குக்கும் போகிற பலகைகள். நடுவில் ஒரு இரும்பு ட்ரம்மில் தீ எரிந்தது. விரல் விறைத்தால் ஆட்கள் அங்கே போய் நிற்பார்கள்.

ட்ரம்முக்குள் வெள்ளைத் துண்டுதான் போடலாம். வேலைக்கு வந்த புதிதில் எட்வேட் தெரியாமல் ஒரு பச்சைத் துண்டைப் போட்டான். முதலாளி ஒஃபிஸ் அறையிலிருந்து கத்திக்கொண்டு ஓடி வந்தார். கம்பியால் கிளறி எடுத்து அதைப் பனிக்குள் எறிந்தார்.

"என்னண்ணை, ஒரு துண்டுக்கு உவ்வளவு கோவம்?"

"அது விலை கூடின பலகையடா. உக்காது, கறையான் தின்னாது. தன்ர காசை நீ எரிக்கிறாயெண்டு அவனுக்கு நெஞ்சு எரியுது," என்றார் கஸ்பர்.

அதனால்தான், தொண்ணூற்று நான்காம் ஆண்டுத் தையில், பச்சைத் துண்டு முழுவதையும் வீட்டுக்கு எடுத்துப் போ என்று முதலாளி சொன்னபோது எட்வேட் நம்பவில்லை. முதலாளி தன் பிக்கப் வண்டியையே கொடுத்தார். கஸ்பர் ஓட்டினார்.

மோர்னிங்சைட்டில் எட்வேட் இருந்தது ஒரு வீட்டுக்கு அடியில், பேஸ்மென்ற் அறையில். ஹீற்றைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் மேல்வீட்டுச் சுவரில் இருந்தது. மேல்வீட்டுக்காரர் காலையில் வேலைக்குப் போகும்போது குறைத்துவிட்டுப் போவார். கீழே, முன்பு இருந்த யாரோ விட்டுப்போன இரும்பு விறகடுப்பு ஒன்று மூலையில் கிடந்தது.

மனைவி செலீன் பலகையைப் பார்த்தாள். "பச்சைப் பலகை எரியுமே? வீடெல்லாம் புகையப்போகுது."

"நிறந்தான் பச்சை. பலகை காஞ்சது. தட்டிப் பார்."

தட்டினாள். கணீரென்றது.

"அப்ப உங்கட முதலாளி பிழையான ஆளில்லை."

"வாய்தான் பொல்லாதது. மனம் நல்லது."

அன்று அறை சூடேறியது. ஐந்து வயது மகள் ஏஞ்சலா ஜக்கெற்றைக் கழற்றிப்போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினாள்.

செலீன் மீன்பிடி ஊரான பேசாலையில் பிறந்தவள். அங்கே மீன் வழுக்காமலிருக்கச் சாம்பல் தொட்டுத்தான் செதில் எடுப்பார்கள். இங்கே வந்ததிலிருந்து உப்பையும் மாவையும் தொட்டுப் பார்த்து அலுத்துப்போயிருந்தாள். அடுப்புத் தட்டில் விழுந்த சாம்பலை அரிதட்டில் அரித்து, பழைய பால்மாப் பேணியில் நிரப்பினாள். மீன் வெட்டவும் அதுதான், சட்டி மினுக்கவும் அதுதான்.

"இப்பதான் இது குசினி," என்றாள்.

ஏஞ்சலா பக்கத்தில் குந்தியிருந்து, நிலத்தில் சிந்திய சாம்பலில் விரலால் பூனை கீறினாள். கீறிய விரலை வாயில் வைத்தாள்.

மாசியில் செலீனின் உள்ளங்கை தடித்து வெடித்தது. ஏஞ்சலா சாப்பிட்டதை வாந்தி எடுத்தாள். தலையணையில் மயிர் கொத்தாகக் கிடந்தது.

"பிள்ளைக்குக் குளிர் பிடிச்சிட்டுது. இன்னும் ரெண்டு கட்டை போடுங்கோ."

எட்வேட் போட்டான்.

கிளினிக்கில் டொக்டர் ஏஞ்சலாவின் கண்ணையும் தொண்டையையும் பார்த்தார். வீட்டை எதனால் சூடாக்குகிறீர்கள் என்று கேட்டார். வுட், என்றான் எட்வேட். என்ன வுட்? அந்தப் பலகையின் பெயர் அவனுக்குத் தெரியாது. நிறத்தைச் சொன்னான்.

"கிறீன் வுட்."

டொக்டர் தலையை ஆட்டினார். அது சரியில்லை, ஈரம் காயாத மரம், புகை கக்கும். நன்றாகக் காயவைத்து எரியுங்கள் என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். பச்சை விறகு புகையும் என்பது எட்வேட்டுக்கும் தெரிந்ததுதான். தட்டினால் தெரியாத ஈரம் உள்ளே இருக்கிறதாக்கும் என்று நினைத்தான். வீட்டுக்கு வந்து அடுப்பைச் சுற்றிப் பலகைகளை அடுக்கினான். சூடு படும் இடம் அது ஒன்றுதான். ஏஞ்சலாவின் மெத்தையும் அங்கேதான் கிடந்தது.

அடுத்த கிழமை ஏஞ்சலா நடக்கமாட்டேன் என்றாள். காலுக்குள் ஊசி குத்துகிறது என்றாள். ஆஸ்பத்திரியில் மறித்துக் கட்டில் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் பின்னேரம் கஸ்பர் வேலைச் சப்பாத்தோடு வாட்டுக்குள் வந்தார். பிள்ளையைப் பார்க்கவில்லை.

"எட்வேட், அடுப்பு இன்னும் எரியுதோ?"

"இல்லையண்ணை. வீட்டில ஆரிருக்கினம்?"

"இனிக் கொளுத்தாதை." கஸ்பர் தொப்பியைக் கழற்றினார். "இண்டைக்குக் குப்பை மேட்டுக்கு ஒரு லோட் கொட்டப் போனனான். கேற்றில நிண்டவன் பச்சையைக் கண்டவுடன மறிச்சுப்போட்டான். உது நஞ்சு ஏத்தின பலகையாம். ஆர்செனிக்காம். அதாலதான் கறையான் தின்னாதாம். எரிச்சால் புகையிலயும் வருமாம், சாம்பல்லயும் நிக்குமாம். உதைக் கொட்ட வேற இடமாம், காசும் கூடவாம்."

"முதலாளிக்குத் தெரியுமோ?"

கஸ்பர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பச்சையை ட்ரம்மில போட ஒருநாளாவது விட்டவனோ?"

செலீன் கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். ஏஞ்சலாவின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்த கையை எடுத்தாள்.

"அப்ப சாம்பல்?" என்றாள். "மீனெல்லாம் அதில பிரட்டித்தானே வெட்டினனான்."

அவள் எழுந்து போய்க் கை கழுவினாள். தண்ணீர் நெடுநேரம் ஓடியது.

எட்வேட் நர்ஸிடம் போய்த் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னான். கஸ்பர் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு பச்சைத் துண்டை எடுத்துக் காட்டினார். வேறொரு டொக்டர் விரைந்து வந்தார். ஏஞ்சலாவின் மயிரில் கொஞ்சம் வெட்டிப் பையில் போட்டார்கள். சாம்பல் இருக்கிறதா என்று கேட்டார்கள். எட்வேட் வீட்டுக்குப் போய்ப் பால்மாப் பேணியைக் கொண்டு வந்தான். நர்ஸ் உறை போட்ட கையால் வாங்கினாள். திரும்பவும் நடப்பாளா என்று கேட்டான். இப்போது சொல்ல முடியாது என்றார் டொக்டர்.

காலையில் எட்வேட் யார்டுக்குப் போனான். முதலாளி ட்ரம்மடியில் கோப்பியோடு நின்றார். புதிதாகச் சேர்ந்த ஸ்ரீதரன், பச்சைத் துண்டுகளைத் தன் காரின் டிக்கியில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

பிள்ளைக்கு எப்படி என்று முதலாளி கேட்டார். எட்வேட் பச்சைக் குவியலைக் காட்டி, இதை எரித்ததால்தான் என்றான். முதலாளி அதைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். எரிக்கச் சொல்லி நான் சொல்லவில்லையே, வேலி கட்டத்தானே தந்தேன் என்றார்.

"பேஸ்மென்றுக்கு வேலி," என்றார் பக்கத்தில் நின்ற கஸ்பர், தமிழில், மெதுவாக.

எட்வேட் குனிந்து ஒரு பச்சைத் துண்டை எடுத்தான். ட்ரம்முக்கு மேலே நீட்டிப் பிடித்தான்.

முதலாளி பின்னால் பாய்ந்தார். கோப்பி பனியில் கொட்டியது. ஜக்கெற் கையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு, புகை போகாத பக்கமாக, ஒஃபிஸ் கதவு வரைக்கும் போய் நின்றார்.

துண்டு இன்னும் எட்வேட்டின் கையில் இருந்தது. ஸ்ரீதரன் இரண்டு கையிலும் பலகையோடு, முதலாளியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.