கோட்டைத் தாண்டவும்

போலிங் பழகப் போகிறேன் என்று சோபனா சொன்னபோது, "வேகப் பந்தோ, சுழல் பந்தோ?" என்று கேட்டான் அவளுடைய கணவன் துவாரகன். பகிடிதான். ஆனால் கேள்வியில் பிழையில்லை. திருகோணமலையில் போலிங் என்றால் கிரிக்கெட். வேறொன்று இருப்பதாக யாரும் யோசித்ததில்லை. உப்புவெளிக் கடற்கரையில் புதிதாகத் திறந்த ஒரு விடுதியோடுதான், அறுபது அடிக்கு அப்பால் நிற்கும் பத்துக் கட்டைகளைக் கனத்த பந்தொன்றை உருட்டி விழுத்தும் விளையாட்டு இங்கே வந்து சேர்ந்தது. இரண்டே இரண்டு தடங்கள். வெள்ளைக்காரருக்கென்று கட்டியவை. மழைக்காலத்தில் வெள்ளைக்காரர் வராததால் ஊர்க்காரருக்குத் திறந்துவிட்டார்கள்.

சோபனா வேலை செய்வது உட்துறைமுக வீதியில் உள்ள ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில். அங்கே பெரியவர் சோமசேகரம் ஐயா. ஓய்வு பெற இன்னும் நாலு மாதம் கிடந்தது. போவதற்கு முன் பக்கத்து வங்கிக்காரரை ஏதாவது ஒன்றில் தோற்கடித்துவிட்டுப் போகவேண்டும் என்பது அவருடைய ஆசை. கிரிக்கெட்டில் முடியாது என்று இருபது வருடமாகத் தெரிந்துவிட்டது. ஆகவே போலிங். பெயர் கொடுத்தவர்களில் சோபனாவும் ஒருத்தி.

சோபனாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எழுத்துப் பிழை கண்டால் அவளுக்குப் பொறுக்காது. கல்யாணக் கார்ட்டில்கூடச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போவாள். முதல் நாள் அந்த விடுதிக்குப் போனதும் அவள் கண்ணில் பட்டது பந்தும் இல்லை, கட்டையும் இல்லை, சுவரில் இருந்த அறிவித்தல் பலகைதான். தடம் தொடங்கும் இடத்தில் ஒரு சிவப்புக் கோடு. அதைத் தாண்டக்கூடாது என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒழுங்காக எழுதியிருந்தது. தமிழில் மட்டும் "கோட்டை தாண்டவும்" என்று இருந்தது. "வேண்டாம்" என்ற சொல்லைத் தின்றுவிட்டு அச்சடித்தவன் "வும்" ஒட்டிவிட்டான்.

"எந்தக் கோட்டை? எங்கட பிரெட்ரிக் கோட்டையோ?" என்று சோமசேகரம் ஐயா சிரித்தார். "உள்ளுக்க மான் நிற்கும் பிள்ளையள், பார்த்துத் தாண்டுங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். சோபனா சிரிக்கவில்லை. விடுதி முகாமையாளர் அர்ஷாக்கைக் கூப்பிட்டு, ஒரு தாளில் "தயவுசெய்து சிவப்புக் கோட்டைத் தாண்ட வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தாள். அடுத்த கிழமை புதுப் பலகை வந்துவிட்டது. அர்ஷாக் நல்ல மனிதர். அதன் பிறகு அவளைக் கண்டால், "எங்கட போர்ட் மிஸ் வந்துட்டாங்க" என்பார். சோபனாவுக்கு அது பிடித்தும் இருந்தது.

பலகை திருந்தியது. அவளுடைய பந்து திருந்தவில்லை. நேரே உருட்டினால் நடுக்கட்டைகள் விழும், ஓரத்தில் இரண்டு நின்று பல்லைக் காட்டும். வங்கியில் ஒருவன் ஹூக் பந்து போடுவான். ஓரமாகப் போகிற பந்து கடைசியில் மனம் மாறினதுபோலத் திரும்பி, முதற்கட்டைக்கும் அடுத்ததற்கும் இடையில் புகுந்து பத்தையும் சரித்துவிடும். சோபனா அதைப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் பந்து தடத்தின் ஓரத்துப் பள்ளமான கானுக்குள் போய் விழுந்தது.

அவளுக்கு வழி சொன்னவள் றுக்கியா. கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள், சோபனாவைவிட நாலைந்து வயது இளையவள். தடம் துடைப்பது, எண்ணெய் பூசுவது, விளையாடுகிறவர்கள் காலில் போடும் சப்பாத்துக் கொடுத்து வாங்குவது எல்லாம் அவள் வேலை. வேலைக்காரர் விளையாடக் கூடாது என்பது விடுதியின் சட்டம். அவள் ஒரு பந்துகூடப் போட்டதில்லை.

"நாப்பது அடி மட்டும்தான் மிஸ் எண்ணெய் போடுறன்," என்றாள் றுக்கியா. "அங்கால காய்ஞ்ச பலகை. எண்ணெயில வழுக்கிக்கொண்டு போற பந்து, காய்ஞ்ச இடத்துக்குப் போனாப் பிடிக்கும். அப்பதான் திரும்பும்."

"எனக்கு ஏன் திரும்புதில்ல?"

"நீங்க பந்தை விடுறீங்க இல்ல. பெருவிரல் முதல்ல வெளிய வரோணும். மற்ற ரெண்டு விரலும் பிறகு, கை குடுக்கிற மாதிரி. நீங்க எல்லாத்தையும் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறீங்க."

"போடாம எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"ஒவ்வொரு நாளும் துடைக்கிறன்தானே. ஆர்ட பந்து எதால போனது எண்டு எண்ணெயில கோடு கிடக்கும்."

மூன்று கிழமை அப்படிப் பழகினாள். பெருவிரலை விடப் பழகுவது பெரும் பாடாக இருந்தது. பந்து கொஞ்சம் திரும்பும், பிறகு மறந்துவிடும். எண்ணெய் எங்கே முடிகிறது என்று கண்ணால் பார்த்தால் கணக்குப் பிடிபடும் என்று சோபனாவுக்குத் தோன்றிவிட்டது. தோன்றியதைச் செய்யாமல் விட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும்.

அந்தச் சனிக்கிழமை பின்நேரம் றுக்கியா எண்ணெய் பூசி முடித்துவிட்டு அஸர் தொழப் பின்னறைக்குப் போயிருந்தாள். மற்றவர்கள் இன்னும் தேநீரோடு வெளியே நின்றார்கள். சோபனா இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு, தான் எழுதிய பலகைக்குக் கீழே, தானே அந்தச் சிவப்புக் கோட்டைத் தாண்டி உள்ளே போனாள். ஐந்தாறு அடிதான். குனிந்து பக்கவாட்டில் பார்த்தபோது தூரத்தில் பளபளப்பு முடிகிற இடம் தெளிவாகத் தெரிந்தது. அவ்வளவுதான். திரும்பி வந்துவிட்டாள்.

எல்லோரும் உள்ளே வந்ததும் முதற்பந்து அவளுடையது. ஓடி வந்து கடைசி அடி வைத்தபோது இடது கால் என்றைக்கும் இல்லாதபடி அழகாக வழுக்கிக்கொண்டு போனது. பெருவிரல் தானாகக் கழன்றது. பந்து ஓரத்தால் போய், பளபளப்பு முடிகிற இடத்தில் திரும்பியது. பத்துக் கட்டையும் ஒன்றாகச் சரிந்தன.

சோபனா குழந்தைபோலத் துள்ளினாள். "பிள்ளை, அப்பிடிப் போடு!" என்று கத்திக்கொண்டு சோமசேகரம் ஐயா கையை உயர்த்தியபடி அவளிடம் ஓடி வந்தார். வந்தவருடைய கால் அவள் வழுக்கிய அதே இடத்தில் பட்டது. பெரிய உடம்பு. வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்த சத்தம் சோபனாவுக்குக் கேட்டது.

ஒருவர் தரையைத் தடவிவிட்டு, "இஞ்ச எண்ணெய் கிடக்குது!" என்றார். "சிந்திப்போட்டுத் தொழப் போயிட்டாளோ?" என்றார் இன்னொருவர். றுக்கியா ஓடி வந்தாள். "நான் சிந்தல்ல சேர், அல்லாஹ்மேல ஆணையா நான் சிந்தல்ல," என்று அர்ஷாக்கின் முகத்தைப் பார்த்து மூன்று தரம் சொன்னாள். சோபனா தன் இடது சப்பாத்தைத் தரையில் அழுத்திக்கொண்டு நின்றாள். அதன் அடி வழுக்கியது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

ஐயாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு அர்ஷாக் ஒரு படிவத்தோடு அவளிடம் வந்தார். "மிஸ், கடைசியா அந்தத் தடத்தில போட்டது நீங்க. ஆரும் கோட்டைத் தாண்டினா எண்ணெய் சப்பாத்தில வரும், அதுதான் கேக்கிறன்." கேட்டுவிட்டு அவரே வெட்கப்பட்டார். "உங்களிட்டப் போய்க் கேக்கிறன் பாருங்க. போர்டையே எழுதினது நீங்க. நீங்க தாண்டியிருக்க மாட்டீங்க."

"இல்லை," என்றாள் சோபனா.

மூன்று எழுத்து. அதில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை.

சப்பாத்தைக் கழற்றி மேசையில் வைத்தபோது அதை வாங்கிக்கொண்டவள் றுக்கியாதான். சோபனா அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாளே றுக்கியாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

திங்கட்கிழமை சொல்லலாம் என்று நினைத்தாள். திங்கட்கிழமை ஐயா கையில் கட்டோடு அலுவலகத்துக்கு வந்து எல்லோரையும் சிரிக்க வைத்தார். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? செவ்வாய்க்கிழமை ஒரு கப்பல் வந்தது. புதன்கிழமைக்குள் அது சொல்லியிருக்கவேண்டிய விஷயமாக மாறிவிட்டது. பொய்யைவிடப் பிந்திய உண்மைக்கு அவள் அதிகம் பயந்தாள். கோழைத்தனம்தான், அதற்கு வேறு பெயர் கிடையாது.

ஒவ்வொரு நாளும் அவளுடைய மேசைக்கு ஐயா கையொப்பமிட்ட கடதாசிகள் வந்தன. முப்பது வருடமாக ஒரே வீச்சில் விழுந்த அந்தக் கையொப்பம் இப்போது இடது கையால் கோணலும் மாணலுமாக, முதலாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல இருந்தது. பிழை பிடிக்கிறவளுக்கு இதைவிட வேறு தண்டனை வேண்டியதில்லை. இரவில் சோறு இறங்கவில்லை. "என்னப்பா, பந்து திரும்புதில்லையோ?" என்று துவாரகன் கேட்டான். அவனுக்கும் சொல்லவில்லை.

உண்மையில் பந்தும் திரும்பவில்லை. றுக்கியாவின் இடத்துக்கு வந்தவர் தடம் முழுக்க எண்ணெயைப் பூசிவைத்திருந்தார். பிடிப்பதற்குக் காய்ந்த பலகையே இல்லை.

மூன்றாவது கிழமை வெள்ளிக்கிழமை ஐயா அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"பிள்ளை, அந்தக் கிண்ணியாப் பெட்டை, உமக்குப் பழக்கினவ. வேலையால நிப்பாட்டிப் போட்டாங்களாம். உமக்குத் தெரியுமோ?"

"ஓம் ஐயா."

"நான் அர்ஷாக்கோட கதைச்சுப் பார்த்தனான். ஏலாது எண்டிட்டார். என்ர கை பொருந்தீடும். அவவின்ர பேர்தான் கெட்டுப் போச்சு. வேற இடத்திலயும் எடுக்கமாட்டாங்களாம், எண்ணெய் சிந்தினவ எண்டு." கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டு, "எனக்கு அதுதான் நோகுது," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சோபனா ஒரு கிலோ திராட்சைப்பழமும் ஒரு பிஸ்கட் பெட்டியும் வாங்கிக்கொண்டு கிண்ணியா பஸ்ஸில் ஏறினாள். நோயாளியைப் பார்க்கப் போவதுபோல. பாலத்தில் பஸ் போகும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்று யோசித்தாள். பாலத்தில் பஸ் நிற்காது.

இரண்டு இடத்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். றுக்கியா முற்றத்தில் பாய் விரித்து வறுத்த மாவை அரித்துக்கொண்டிருந்தாள். சோபனாவைக் கண்டதும் எழுந்து, உள்ளே போய் ஒரு கதிரையைக் கொண்டுவந்து வைத்தாள். "இருங்க மிஸ்." பிறகு திரும்பவும் மாவுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

சோபனா கதிரையில் இருக்கவில்லை. பஸ்ஸில் ஒத்திகை பார்த்த எல்லாம் மறந்துபோயிற்று. "றுக்கியா, அண்டைக்குக் கோட்டைத் தாண்டினது நான். என்ர சப்பாத்திலதான் எண்ணெய் வந்தது. எனக்குத் தெரியும். நான் சொல்லேல்ல," என்றாள். அழுகை வந்தது.

றுக்கியாவின் கையில் அரிதட்டு நிற்கவில்லை.

"தெரியும் மிஸ்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஆறாம் நம்பர் சப்பாத்து. இடது கால். நீங்க கழட்டி வைச்ச உடனே அடியைப் பார்த்தன். தடத்துக்குள்ளயும் கால் அடையாளம் கிடந்தது. எல்லாத்தையும் நான்தான் துடைச்சன்."

"ஏன் துடைச்சனீங்க? ஏன் சொல்லேல்ல?"

"சொன்னா நம்புவாங்களா, போர்ட் எழுதினவங்க தாண்டினாங்க எண்டு?" றுக்கியா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "அதோட நீங்களே சொல்லுவீங்க எண்டு நினைச்சன் மிஸ். நான் காட்டிக் குடுத்தா உங்களுக்கு அவமானம், நீங்களே சொன்னா அது வேற. திங்கட்கிழமை சொல்லுவீங்க எண்டு இருந்தன். பிறகு செவ்வாய்க்கிழமை எண்டு. ஒரு கிழமை கழிஞ்ச பிறகுதான், துடைச்சிருக்கக் கூடாது எண்டு விளங்கினது."

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க றுக்கியா."

"எனக்குத் தெரிஞ்சதை எனக்கு ஏன் சொல்லுறீங்க?" அவள் சத்தம் உயரவில்லை. "தெரியாத ஆக்களுக்குச் சொல்லுங்க."

சோபனா கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். அர்ஷாக் உடனே எடுத்தார். "ஆ, போர்ட் மிஸ்! சொல்லுங்க."

"அர்ஷாக், கோட்டைத் தாண்டினது நான்."

போனில் காற்று இரைந்தது. "என்ன மிஸ், கோட்டையோ? எந்தக் கோட்டை? பிரெட்ரிக் கோட்டையா?"

அவர் பகிடி விடவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை. ஒரு தரம் சொல்லவே உயிர் போனது, இப்போது முழுவதையும் மறுபடி சொல்லவேண்டும். றுக்கியா அரிதட்டைக் கீழே வைத்துவிட்டாள். உள்ளேயிருந்து அவளுடைய உம்மாவும் கதவடிக்கு வந்து நின்றார்.

"உங்கட போலிங் தடத்தில, சிவப்புக் கோடு. அதை நான் தாண்டினனான். றுக்கியா எண்ணெய் சிந்தேல்ல. சோமசேகரம் ஐயா விழுந்தது என்னாலதான். நீங்க கேட்ட நேரம் நான் பொய் சொன்னனான்."

பிறகு அர்ஷாக், "றுக்கியாட நம்பர் இருக்கா உங்களிட்ட?" என்று கேட்டார். குரலில் மிஸ் இல்லை. "பக்கத்திலதான் நிற்கிறா," என்று சோபனா போனை நீட்டினாள்.

றுக்கியா கையில் இருந்த மாவைச் சீலைத் துண்டில் துடைத்தாள். அவசரப்படவில்லை. போனை வாங்கிக் காதில் வைத்துச் சற்று நேரம் கேட்டாள்.

"வேலைக்கு வாறதைப் பிறகு கதைப்பம் சேர்," என்றாள். "முதல்ல ஒருக்காச் சொல்லுங்க, நான் சிந்தல்ல எண்டு. அண்டைக்கு மூணு தரம் நான் சொன்னன். நீங்க ஒரு தரம் சொல்லுங்க."

அர்ஷாக் என்ன சொன்னார் என்று சோபனாவுக்குக் கேட்கவில்லை. றுக்கியா கண்ணை மூடிக்கொண்டு, "ஓம்... ஓம் சேர்," என்றது மட்டும் கேட்டது. மூடிய கண்ணிலிருந்து கண்ணீர் வடிந்தது. உம்மா சோபனாவைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். யாராவது திட்டியிருந்தால் சோபனாவுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

றுக்கியா போனைத் திருப்பிக் கொடுத்தாள். அதன் மேல் மாவு விரல் அடையாளம் இருந்தது. சோபனா அதைத் துடைக்காமல், சோமசேகரம் ஐயாவின் இலக்கத்தைத் தேடி அழுத்தினாள்.

மணி நீளமாக அடித்துக்கொண்டே இருந்தது. இடது கையால் எடுக்கிறவருக்கு நேரம் பிடிக்கும் என்று அவள் காத்து நின்றாள்.