அறுபத்தெட்டில் நின்ற முள்

லிஃப்ட் மெக்கானிக் ஒரு சனிக்கிழமை காலை புகையடுப்பில் ஏற்றிய மாட்டு நெஞ்சுக்கறி வெந்து இறங்க நான்கு வருடமும் இரண்டு மாதமும் ஆனது. ஐந்தரைக் கிலோ, ஒரே துண்டு. அடுப்பு அவரே செய்தது. பழைய எண்ணெய்ப் பீப்பாயைப் படுக்கப்போட்டு, மேல்பாதியை மூடியாக வெட்டிக் கீல் வைத்து, ஓரத்தில் ஒரு தகரக் குழாயை நிறுத்தியிருந்தார். பின்முற்றத்தில் துணி காயப்போடும் கம்பிக்குப் பக்கத்திலேயே அது நின்றதால், அந்த வீட்டார் உடுத்துவதெல்லாம் கொய்யா விறகு வாடை அடிக்கும் என்பது தெரு அறிந்த விஷயம்.

அதற்கு முந்தின நாள்தான் டாக்டர் அவர் மனைவியின் ஸ்கேன் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் மூன்று மாதம்தான் இருப்பார் என்று சொல்லியிருந்தார். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவள். தெருவில் எல்லோருக்கும் டீச்சர், புருஷனுக்கும் டீச்சர். மறுநாள் விடிந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் மெக்கானிக் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். கறிக்கு உப்பும் மிளகும் தடவி, அடுப்பில் ஏற்றி, தெர்மாமீட்டரின் கம்பியை நடுவில் குத்திவைத்தார். மதியம் முள் அறுபத்தெட்டு டிகிரியில் நின்றது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பெரிய துண்டு பாதி வழியில் வியர்க்கும், அந்த வியர்வை காயும்போது கறி குளிரும், நாலைந்து மணி நேரம் சூடு ஏறாமல் அப்படியே கிடக்கும். பொறுமை இல்லாதவர்கள் அந்த நேரத்தில் கறியைத் தாளில் சுற்றிவிடுவார்கள்; வியர்வை காய வழியில்லாமல் முள் மறுபடி ஏறும். மெக்கானிக் சுற்றுகிற ஆள் இல்லை. காத்திருந்தார். மாலையிலும் அறுபத்தெட்டு. ஞாயிற்றுக்கிழமையும் அறுபத்தெட்டு. மாதம் திரும்பியபோதும் அறுபத்தெட்டு.

கறி கருகவும் இல்லை, கெடவும் இல்லை. கசாப்புக்கடைக்காரர் வந்து விரலால் அழுத்திப் பார்த்து, "கறியில கோளாறு ஒண்ணும் இல்லீங்க, அதுக்கு மனசு வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று மாதம் முடிந்த வாரம் டாக்டர் புதுப் படத்தைப் பழைய படத்தின்மேல் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. ஒரு வருடம் கழித்தும் அப்படித்தான். டீச்சருக்குத் தலைமுடி வளரவில்லை, நகம் வெட்ட வேண்டியிருக்கவில்லை. தெருவாசிகள் தங்கள் மரங்களைக் கழித்த கிளைகளை மெக்கானிக் வீட்டுச் சுவரோரம் போட்டுவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்கள். வேலை நேரம் போக அடுப்பை விட்டு அவர் நகரமாட்டார் என்பதால் மகளின் கல்யாணம் முற்றத்திலேயே நடந்தது. ஒரு படத்திலும் மாப்பிள்ளையின் முகம் புகையில் தெளிவாக விழவில்லை.

இரண்டாம் வருடம் ஒரு பிற்பகல், ஏழு பேர் மாட்டிக்கொண்ட லிஃப்டைத் திறக்கப் போன இடத்தில் அவருக்கு நேரமாகிவிட்டது. காற்றில் அடுப்பு மூடி விலகித் தணல் பற்றிக்கொண்டிருந்தது. அவர் ஓடிவந்தபோது முள் எழுபத்தொன்று. டீச்சர் குளியலறை வாசலில் விழுந்து கிடந்தாள். அவளைத் தூக்குவதற்கு முன்னால் அவர் அடுப்பின் காற்றுத்துளையை அடைத்தார். முள் மெல்ல இறங்கியது. டீச்சர் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டாள். அவர் எதை முதலில் செய்தார் என்பதைத் தரையில் கிடந்தபடியே அவள் பார்த்திருந்தாள். அவர் அதைப் பற்றி ஒருவரிடமும் பேசவில்லை. அவளும் பேசவில்லை.

பேச இன்னும் இரண்டு வருடம் பிடித்தது. ஒரு புதன்கிழமை, விறகைச் சீவிக்கொண்டிருந்தவரின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு டீச்சர் உட்கார்ந்தாள்.

"என்னங்க, அதைத் தாள்ல சுத்திடுங்க."

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். நான்கு வருடமாகக் கேட்காத ஒன்றை, கேட்கப் பயந்த ஒன்றை, அப்போதுதான் கேட்டார். "ரொம்ப வலிக்குதா, டீச்சர்?"

"அன்னைக்கு இருந்த அதே வலி. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. கூடினாக்கூட ஒரு மாறுதலா இருக்கும்."

"என்னால முடியாது."

"எனக்கும்தான் முடியல," என்றாள் டீச்சர். அவள் குரலில் கோபம் இல்லை.

மூன்று நாள் அவர் அவளிடம் முகம் கொடுக்கவில்லை. தணல் தள்ளினார், சாம்பல் வாரினார், சாப்பாட்டுத் தட்டை அடுப்படிக்கே எடுத்துப் போய்ச் சாப்பிட்டார். நான்காம் நாள் காலை மகளுக்குப் போன் போட்டு, "கிளம்பி வாம்மா" என்று மட்டும் சொன்னார்.

மகள் வந்து இறங்கியதும் டீச்சர் அலமாரியிலிருந்து நோட்டுகளுக்கு அட்டை போடும் பழுப்புத் தாளை எடுத்துவந்தாள். மெக்கானிக் கறியைத் தூக்கி நடுவில் வைத்தார். டீச்சரே தாளை மடித்தாள். பத்தாயிரம் நோட்டுகளுக்கு மடித்த விரல்கள். நான்கு மூலையும் கத்தி வைத்தாற்போல் அமர்ந்தன. பத்து மணிக்கு முள் அறுபத்தொன்பதுக்கு வந்தது. பதினொன்றரைக்கு எண்பது. டீச்சரின் தலைமுடி தோளைத் தொட்டு, முதுகில் இறங்கி, மதியத்துக்குள் பாதிக்குமேல் நரைத்தது. மகள் சீப்பை எடுத்துவந்து பின்னிவிட்டாள். பின்னி முடிப்பதற்குள் மேலும் நாலு விரல்கடை வளர்ந்ததால் அவிழ்த்து மறுபடி பின்ன வேண்டியதாயிற்று. மூன்று மணிக்கு முள் தொண்ணூற்றைந்து. மெக்கானிக் கறியை இறக்கி, பழைய போர்வையில் பொதிந்து, முறைப்படி ஒரு மணி நேரம் ஆறவிட்டார். அந்த ஒரு மணி நேரமும் டீச்சரின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அந்தத் தெருவில் தட்டு எடுத்துக்கொண்டு வராத வீடு இல்லை. கத்தி வைத்த இடத்தில் கறி தானாகவே விலகியது. டீச்சர் மூன்று துண்டு சாப்பிட்டாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உப்பு ஒரு சிட்டிகை கம்மி," என்றாள். மெக்கானிக் சிரித்தார். பிறகு முற்றத்துச் சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, மகளின் மடியில் தலை வைத்தபடி, டீச்சர் போய்ச் சேர்ந்தாள். வந்தவர்கள் திரும்பிய பிறகு மெக்கானிக் பீப்பாயின் சாம்பலை வாரிக் கொய்யா மரத்தடியில் கொட்டினார், கையைக் கழுவினார், கட்டிலில் அவள் படுக்கும் பக்கமாகப் படுத்துத் தூங்கிப்போனார். நான்கு வருடமாக இரவெல்லாம் தணல் காத்தவர் பத்தொன்பது நாள் தூங்கினார். மகள் தினமும் உதட்டை நனைத்து, பக்கம் மாற்றிப் படுக்கவைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தமில்லாமல் கதவு சாத்தினார்கள். கம்பெனியில் அதை மருத்துவ விடுப்பில் போட்டுக்கொண்டார்கள்.