கிருபாவதி துடைத்த லென்ஸ்

கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த கிருபாவதிக்கு ஒரு கெட்ட பழக்கம். ரிப்பேர் என்று எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. புத்தி யோசித்து முடிப்பதற்குள் விரல் வேலையில் இறங்கிவிடும். அன்றைக்கு மட்டும் அவள் அந்தக் கையைக் கொஞ்சம் அடக்கி வைத்திருக்கலாம். ஹூம், நடந்து முடிந்த பிறகு யார்தான் என்னத்தைச் சொல்வது?

2009, ஆயுத பூஜை முடிந்த கையோடு ஒரு மத்தியானம். கடை வாசலில் ஜீப் ஒன்று வந்து நின்றது. உள்ளே இருந்த இரண்டு ஆட்கள் இறங்கவில்லை, இன்ஜினையும் அணைக்கவில்லை. இறங்கி வந்தவர் ஒருவர்தான். வெள்ளை வேட்டி, நரைத்த மீசை. பெயர் சங்கிலி என்றார். பழைய லேப்டாப், வெளியே மாட்டுகிற டிவிடி டிரைவ், கைக்குட்டையில் சுற்றிய ஒரு டிஸ்க், மூன்றையும் மேஜையில் வைத்தார்.

“இது ஓடணும் ஆத்தா.”

“டிஸ்க்ல என்ன இருக்குண்ணே?”

அவர் எதையும் மறைக்கவில்லை. மகள் அனுசுயா ஒருத்தனோடு போய்க் கல்யாணம் கட்டிக்கொண்டாளாம். எந்த ஊரில் இருக்கிறாள் என்று தெரியவில்லை. தாய்க்காரிக்கு மட்டும் இந்தப் படங்களை அனுப்பியிருக்கிறாள். தாய்க்காரியோ விலாசம் இருந்த கவரை அடுப்பில் போட்டுவிட்டாள், டிஸ்க் மட்டும் இவர் கையில் சிக்கியிருக்கிறது.

“லேப்டாப்பு மக படிக்கிறப்ப வச்சிருந்தது. உள்ள இருக்கற டிரைவு செத்துப்போச்சு. அதான் இதை வாங்கினேன், இதுவும் மொரண்டு பண்ணுது. பிள்ளை எங்கன இருக்கான்னு தெரிஞ்சாப் போதும் ஆத்தா. கண்ணுல பாத்துட்டு வந்துருவேன்.”

குரல் தழுதழுத்தது. பெத்த மனசு, பாவம் என்று நினைத்துக்கொண்டாள் கிருபாவதி. ஜீப்பில் இருந்த இரண்டு பேரும் கண் சிமிட்டாமல் கடையையே பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லைதான். ஆனாலும் கேபிளைச் சொருகிவிட்டாள்.

விளக்கு எரிந்தது. ‘கிர்’ரென்று ஒரு சுற்று, அப்புறம் அடங்கிவிட்டது. பழைய லேப்டாப்பில் ஒரு யுஎஸ்பி ஓட்டை மட்டும் கொடுக்கிற கரண்டு டிரைவுக்குப் பற்றவில்லை. இரண்டு தலை உள்ள கேபிளை எடுத்து இரண்டு ஓட்டையிலும் சொருகினாள். இப்போது டிஸ்க் நிற்காமல் சுற்றியது. மை கம்ப்யூட்டரில் டிரைவும் வந்தது. திறந்தால் மட்டும், உள்ளே இருக்கிற டிஸ்க்கையே உள்ளே போடச் சொல்லி அடம்பிடித்தது.

தட்டை இழுத்து டிஸ்க்கை எடுத்தாள். குட்டி லென்ஸின் மேல் மஞ்சளாக ஒரு பொட்டு. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூஜை முடிந்தால் அந்த வட்டாரத்து மிஷின் எல்லாம் இந்தக் கோலத்தில்தான் வரும். கீபோர்டில் குங்குமம், பிரிண்டர் வாயில் பொரி, மவுசுக்குக்கூட மாலை.

“நல்லாச் சாமி கும்பிட்டிருக்காகண்ணே உங்க வீட்டுல! லென்சுலேயே சந்தனம் வச்சா அது எப்படிப் படிக்கும்?” என்று சொல்லிக்கொண்டே பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தாள். பஞ்சு வழுக்கிக்கொண்டு போனது. சந்தனம் காயவே இல்லை.

“பூசை முடிஞ்சப்புறந்தானே ஆத்தா இதை வாங்கினேன்” என்றார் சங்கிலி.

அவள் கை அப்படியே நின்றது. அடப் பாவி மகளே, என்ன காரியம் செய்துவிட்டாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மகளைக் காப்பாற்ற அந்தத் தாய் வேண்டுமென்றே பூசியது அல்லவா இது!

சங்கிலி பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். “சரித்தான். அவ வேலையா” என்று மெல்லச் சொன்னார். அந்தக் குரலில் கோபமே இல்லை.

“இது தேறாதுண்ணே, விட்டுருங்க.”

“தொடச்சுட்டீல்ல? போடு.”

அவள் தயங்கவே, அவரே டிஸ்க்கைப் போட்டுத் தட்டைத் தள்ளினார். டிஸ்க் சுற்றியது, ஒரு பெட்டி திறந்தது, படமும் வந்துவிட்டது. மாடிப்படியில் அனுசுயாவும் ஒரு பையனும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். கீழே ஒரு மளிகைக் கடை. அதன் போர்டு முழுக்க மலையாளம்.

“உன் கடைப் போர்டுலயும் மலையாளம் எழுதியிருக்கே. படி ஆத்தா, எந்த ஊரு?”

போர்டில் வண்டிப்பெரியார் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. குமுளியைத் தாண்டினால் பக்கம்தான். ஜீப்பும் தயாராக நிற்கிறது.

“திருச்சூருண்ணே” என்றாள். குரல் நடுங்காமல் எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

“நல்லாப் பாத்தியா?”

“திருச்சூர்தான்.”

அவர் தலையாட்டினார். நம்பிவிட்டார். அப்பாடா, ஒரு உயிர் பிழைத்தது என்று அவள் மூச்சு விட்டாள்.

“இதெல்லாம் இங்கனயே கெடக்கட்டும்” என்று எழுந்தார் சங்கிலி. “திருச்சூரு எங்கயும் ஓடிறாது. நாளைக்குப் போய்க்கிடலாம். மொதல்ல வீட்டுக்குப் போகணும்.”

“வீடு எந்த ஊருண்ணே?”

“எதுக்கு ஆத்தா?” என்று சிரித்தார். ஜீப் உத்தமபாளையம் ரோட்டில் திரும்பிப் போய்விட்டது.

கிருபாவதி உள்ளே ஓடினாள். படத்திலிருந்த மளிகைக் கடை போர்டில் போன் நம்பரும் இருந்தது. அவசரத்தில் தப்பாக அழுத்தி, மறுபடி அழுத்தி, அரைகுறை மலையாளத்தில் கெஞ்சி, மாடியில் இருக்கிற பெண்ணைக் கூப்பிடச் சொன்னாள். கடைசியில் லைனில் வந்தது அனுசுயாதான்.

“உடனே உங்க அம்மாவுக்குப் போன் போடு ஆத்தா. உங்க அப்பா ஊரு வீட்டுக்குப் போயிட்டிருக்காக. அவுக போய்ச் சேர்றதுக்குள்ள அம்மாவை எங்கனயாவது போயிரச் சொல்லு!”



“அம்மாகிட்ட ஏதுக்கா போனு?” என்றாள் அனுசுயா. “அவுககிட்டப் பேசணும்னா, அப்பா போனுக்குத்தான் அடிக்கணும்.”