துபாய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்கு நேர்வழியில் கிடைத்ததல்ல. ஒரு ஜவுளிக்கடையில் தூணோரம் சும்மா நின்றுகொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒரு பெண், கண்ணாடி முன்னால் சேலையைத் தோளில் போட்டுப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு உதட்டைச் சுழித்தாள். அந்தச் சுழிப்பு சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்தாள். யாருக்கோ காட்டுவதற்கான ஒத்திகை. அதைப் பார்த்துக்கொண்டு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன். திருட்டுதான்.

திருடிய பொருளை உள்ளூரில் விற்க முடியாது. அதனால் கதையைச் சங்கரன்கோவிலுக்குக் கொண்டுபோய், 1983 கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில் வைத்திருக்கிறேன். அப்படியொரு கண்காட்சி அங்கே நடந்ததே இல்லை. விசாரித்து அலையாதீர்கள்.

2

"டிராயிங் மாஸ்டர் தேவசுந்தரம் ஒரு மேதை. ஆனால் அந்த ஊரில் அது யாருக்கும்..."

(வேண்டாம். அவன் மேதை இல்லை. கொஞ்சம் கெட்டிக்காரன், அவ்வளவுதான்.)

"பனி இறங்கிய அந்த மாலையில், ரத வீதியின் விளக்குகள்..."

(சொல்ல வெட்கமாக இருக்கும் போதெல்லாம் நான் பனியை இறக்கிவிடுவேன். அடித்துவிட்டேன்.)

நேராகவே சொல்கிறேன். தேவசுந்தரம் மிஷன் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். கண்ணை ஏமாற்றுகிற வேலைகளில் அவனுக்குப் பைத்தியம். அதையெல்லாம் சேர்த்து 'பார்வை மயக்கம்' என்று ஒரு கண்காட்சி வைத்தான், அதுவும் சங்கரபாண்டியன் அண்ணாச்சியின் ஜவுளிக்கடைக்குள். கடை என்பது துணி விற்கிற இடமல்ல, நம்மை வேறொருவராக நமக்கே காட்டுகிற இடம் என்று வாசலில் அட்டை எழுதி மாட்டினான். அண்ணாச்சிக்கு அது ஒன்றும் விளங்கவில்லை. பின்சுவரில் அவன் வரைந்த மாடிப்படி மட்டும் விளங்கியது.

"நம்ம கடையில மாடியே கிடையாது சார்வாள்! இன்னைக்கு ஒருத்தி செருப்பைக் கழத்தி ஓரமா வச்சிட்டு ஏறப் போயிட்டா. கூட்டம் வருதுல்லா, அது போதும்."

ஆனால் தேவசுந்தரத்தின் பெருமை மாடிப்படியில் இல்லை. கடையநல்லூர்க்காரர் ஒருவர் துபாயிலிருந்து கொண்டுவந்த கண்ணாடியில் இருந்தது. வெளிச்சத்தில் நிற்பவர்களுக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி. இருட்டில் இருப்பவர்களுக்கு ஜன்னல். கடைக்கும் சரக்கு அறைக்கும் நடுவே அதைப் பதித்து, சரக்கு அறை பல்பைக் கழற்றிவிட்டு, ஸ்டூல் போட்டிருந்தான். அங்கே உட்கார்ந்தால் சேலையை மேலே வைத்துப் பார்க்கிற பெண்களின் முகம் தெரியும்.

3

இந்த இடத்தில் எனக்கு அவன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. கேட்காமல் பெண்களைப் பார்ப்பது எந்த ஊர்க் கலை? அவனிடம் பதில் தயாராக இருந்தது: முகத்தை மட்டும்தானே பார்க்கிறோம், சார். (நானும் தூணோரம் இதையேதான் சொல்லிக்கொண்டேன்.)

அவனுடைய கவலை வேறு. பாளையங்கோட்டையிலிருந்து பேராசிரியர் மாணிக்கராஜ் பார்க்க வருகிறார். கடைக்கு வருகிற பெண்களோ கரையில் சாயம் ஒட்டுகிறதா, நூல் பிரிந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள், மயங்குவதாகக் காணோம். அதனால் தன் மனைவி சுந்தரபாயை வரச் சொன்னான்.

"அவ வந்ததும் அந்த மாந்தளிர்க் கலர் பட்டுச்சேலையை எடுத்துப் போடுங்க அண்ணாச்சி. கண்ணாடி சங்கதியைச் சொல்லிராதீங்க."

"வீட்டம்மாவையா சார்வாள்?" அண்ணாச்சி இழுத்தார்.

"பட்டுன்னாலே வேண்டாம்னுதான் சொல்லுவா. இதைப் பாத்தா அவளே மயங்கிருவா. அந்த முகத்தைத்தான் பேராசிரியருக்குக் காட்டணும்."

அப்புறம் அதை அவளுக்கே கிறிஸ்துமஸ் சேலையாக எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றும் நினைத்திருந்தான். (இந்த வரி முதல் பிரதியில் இல்லை. அவனைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்க நான் பிறகு சேர்த்தது.)

4

கிறிஸ்துமஸுக்குச் சேலை எடுக்கப் போகும்போதெல்லாம் சுந்தரபாய் சொல்வது ஒன்றுதான்: "பட்டு எனக்கு ஆகாதுங்க. ஒரே புழுக்கம். கைத்தறிதான் உடம்புக்குச் சுகம்." தேவசுந்தரம் இதை நம்பினான். நம்பியதோடு நிற்காமல், ஆசையில்லாத பெண்டாட்டி வாய்த்திருக்கிறாள் என்று ஆசிரியர் அறையில் பெருமையடித்தும் கொண்டான்.

அன்று சரக்கு அறை இருட்டில் பேராசிரியருக்குப் பக்கத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுந்தரபாய் வந்தாள். அண்ணாச்சி சேலையை விரித்துக் கொடுத்துவிட்டு, பார்க்கச் சகிக்காமல் நகர்ந்துபோனார். அவள் முந்தானையைத் தோளில் போட்டாள். முகம் அப்படியே மலர்ந்தது. கலியாணப் போட்டோவில்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை.

"பாருங்க சார்," என்றான் தேவசுந்தரம்.

அவள் திரும்பி யாருமில்லை என்று பார்த்துக்கொண்டாள். சிரிப்பை இறக்கினாள். உதடு அசைந்தது. சத்தம் இந்தப் பக்கம் வரவில்லை, ஆனால் அந்த வார்த்தைகள் அவனுக்கு மனப்பாடம். பட்டு எனக்கு ஆகாதுங்க. தலையாட்டல் கொஞ்சம் கூடிப்போயிற்று என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். குறைத்துப் பார்த்தாள். மூக்கை லேசாகச் சுருக்கிப் பார்த்தாள். கடைசியில் வந்த முகம், கலியாணமான நாள் முதல் அவனுக்கு நன்றாகத் தெரிந்த முகம்.

பேராசிரியர் தொடையில் தட்டிச் சிரித்தார். "பிரமாதம்! இப்படி நடிக்கப் பழக்கி வச்சிருக்கீங்களே! யாரு தேவசுந்தரம் அந்த அம்மா?"

"யாரோ... கடைக்கு வந்தவங்க சார்."

(இதை நான் அவன் வாயில் வைக்கவில்லை. "என் மனைவி" என்று எழுதிப் பார்த்தேன், அவன் சொல்லவில்லை. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு, சீடன் தன் குருவையே தெரியாது என்று மறுதலித்ததைப் பற்றிப் பாடம் எடுத்தவன் அவன்.)

5

அவன் பின்வாசல் வழியாகச் சுற்றி, தெருவிலிருந்து வருகிறவன்போலக் கடைக்குள் வந்தான். சுந்தரபாய் அந்த முகத்தோடு காத்திருந்தாள்.

"வந்துட்டீங்களா? அண்ணாச்சி என்னமோ இதை எடுத்துப் போட்டுட்டாக. பட்டு எனக்கு ஆகாதுன்னு அவுகளுக்குத் தெரியுமா? வாங்க, கைத்தறி பாப்போம்."

முடிவு ஒன்று: அவன் பட்டை வாங்கிவிடுகிறான். "எனக்குப் பிடிக்கும்னு எப்படித் தெரிஞ்சது?" என்று அவள் கேட்பாள். அதற்கு அவன்...

முடிவு இரண்டு: ஒன்றும் தெரியாததுபோலக் கைத்தறியே எடுக்கிறார்கள். அவன் சம்பளத்துக்குப் பட்டு எட்டாது என்பதைக் காட்டிக்கொள்ளாமல் அவள் இத்தனை காலம் அவன் மானத்தைக் காத்ததற்குக் கூலியாக அவன் இனிமேல்...

முடிவு மூன்று: "நான் பார்த்துட்டேன்" என்று சொல்லிவிடுகிறான். சொன்னால், யாரோடு உட்கார்ந்து பார்த்தான் என்பதையும், அவரிடம் அவளை யார் என்று சொன்னான் என்பதையும் சேர்த்துத்தான்...

எதையும் என்னால் முடிக்க முடியவில்லை. எனக்கே வெட்கமாக இருக்கிறது. அதற்குள் பேராசிரியர் வேறு, அந்த அம்மாவை நேரில் பாராட்ட வேண்டும் என்று சரக்கு அறையில் எழுந்துவிட்டார். அவரை எழுதாமல் கதவருகே நிறுத்தி வைத்திருக்கிறேன். ரொம்ப நேரம் நிறுத்த முடியாது. அவர் வெளியே வருவதற்குள் தேவசுந்தரம் அவளிடம் ஏதாவது சொல்லியாக வேண்டும். முதல் வார்த்தையை நீங்கள் எடுத்துக் கொடுங்கள். நீங்களும் உள்ளே இருட்டில் உட்கார்ந்துதானே பார்த்தீர்கள்.