சாமி மேடைக்கு அடியில்

ரொட்டியில் ஒரு புள்ளி பூஞ்சை கண்டால் முழுப் பாக்கெட்டையும் குப்பையில் எறிகிற மனிதரை நான் கட்டிக்கொண்டேன். கல்லூரி ஆய்வகத்தில் பூஞ்சைகளோடு குடித்தனம் நடத்துகிற எனக்கு இப்படியொரு மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்த அப்பாவை என்ன சொல்ல!

இவர், சண்முகம், கொல்கத்தா கார்டன் ரீச்சில் படகு இன்ஜின் பழுதுபார்க்கும் பட்டறையில் ஃபோர்மேன். பட்டறைக்குப் பின்னால் பல வருஷக் கழிவு எண்ணெய் ஊறிக் கறுத்த மண், புல்கூட முளைக்காது. சிப்பிக் காளான் அறுத்து முடித்த வைக்கோலை அதில் கலந்தால், பூஞ்சை எண்ணெயைத் தின்று மண்ணை மீட்டுவிடும் என்றேன். 2004 மழைக்காலத்தில் நச்சரித்து, ஒரு கட்டில் அளவு இடம் வாங்கி, வைக்கோலைக் கலந்து வைத்தேன். இந்த முறை பலிக்காவிட்டால் ஆராய்ச்சியை மூட்டை கட்டச் சொல்லியிருந்தார்கள் கல்லூரியில்.

பட்டறைகளில் சிலை வைத்துக் கும்பிடுகிற விஸ்வகர்மா பூஜை நெருங்கியது. முதலாளி வருவார் என்று பட்டறையைக் கழுவி, மண் தெரிகிற இடமெல்லாம் ப்ளீச்சிங் பவுடர் தூவுவார்கள். பட்டால் என் பூஞ்சை செத்துவிடும். அந்த இடத்தை விட்டுவிடச் சொன்னதற்கு, "பாக்கலாம்" என்றார் இவர்.

பூஜைக்கு எட்டு நாள் முன்பு போய்ப் பார்த்தால், வருஷாவருஷம் வாசலில் போடுகிற சாமி மேடை என் வைக்கோல் மேல் நின்றது. மூங்கில் கால், பலகை, சுற்றிலும் சிவப்புத் துணி. யார் வேலை என்று கேட்டேன். பட்டறையே 'தா', அண்ணா, என்று அழைக்கும் ஃபிட்டர் ஹரிபத தா இவரைக் கை காட்டினார்.

அன்றோடு பேச்சை நிறுத்தினேன். சோறு வைப்பேன், குழம்பு ஊற்றுவேன், அவ்வளவுதான். சுத்தம் பார்க்கிறவரின் சட்டைகள் வேறு தினமும் முழங்கையில் கறுத்து வந்தன. எங்கே புரண்டுவிட்டு வருகிறாரோ என்று திட்டிக்கொண்டே துவைத்தேன். பூஜைக்கும் போகவில்லை, மொட்டை மாடியில் நின்று, அன்றைக்கு ஊரே விடுகிற பட்டங்களைப் பார்த்தேன்.

மறுநாள் சிலையைக் கரைக்க எடுத்துப் போனதும் இவர் ஆளனுப்பிக் கூப்பிட்டார். பலகையை விலக்கியிருந்தார்கள். அடியில் கொத்துக் கொத்தாக வெள்ளைக் காளான். ஒரு பிடி மண்ணை முகர்ந்தேன். எண்ணெய் வாடை பாதிகூட இல்லை. ஹரிபத தா செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு, பிரசாதமாகப் பறிக்கக் குனிந்தார். எண்ணெய் மண்ணில் முளைத்தது, தின்னக்கூடாது என்று இவர்தான் தடுத்தார்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சாமி இருக்கிற இடத்துல எவனும் பவுடர் தூவமாட்டான், மிதிக்கவும் மாட்டான். உங்கிட்ட சொன்னா நீ தினம் வந்து துணியத் தூக்கிப் பாத்திருப்ப."

பார்த்திருப்பேன்தான்.

"தண்ணி?" என்றேன். வைக்கோல் காய்ந்திருந்தால் ஒன்றுமே முளைத்திருக்காது.

ஹரிபத தாதான் சிரித்தார். ஃபோர்மேன் பாபு தினமும் காலையில் ஒரு மக் தண்ணீரோடு மேடைக்கு அடியில் தவழ்ந்து போவாராம்.

இவர் சட்டையைப் பார்த்தேன். அன்றைக்கும் முழங்கை கறுத்திருந்தது. இந்த மனிதர்மேல் எனக்கு இவ்வளவு ஆசை இருக்கிறது என்பது அந்த எண்ணெய் மண்ணில் நின்றபோதுதான் தெரிந்தது. அந்தச் சட்டையை மட்டும் நான் துவைக்கவில்லை.