செவ்வாயும் சனியும் கசியாத ட்றைவர்

பிழை ட்றைவரில்தான் என்று நான் சத்தியம் பண்ணாத குறை. மருதனார்மடத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு நோயாளர் பதிவு மென்பொருள் எழுதிக் கொடுத்தவள் நான். காலை எட்டு மணிக்கு நன்றாக ஓடும். மத்தியானத்துக்குள் கணினியின் நினைவகத்தை எல்லாம் விழுங்கிவிட்டுப் படுத்துவிடும். என் மென்பொருளுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையில் நின்று செய்தி கொண்டுபோகும் துண்டுக்குத்தான் ட்றைவர் என்று பெயர். யாரோ வெளிநாட்டார் எழுதியது. எடுத்த நினைவகத்தை அது திருப்பி வைக்கவில்லை, நினைவகம் கசிகிறது என்று, என் பெயரைப் போட்டு அவர்களுக்கு முறைப்பாடும் அனுப்பிவிட்டேன்.

"தயாளினி, உமக்கு நிச்சயமோ?" என்று என் முதலாளி கோபிசங்கர் அண்ணை கேட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ளை திருத்தாட்டி உந்தச் சாமானைத் தூக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்காரர் சொல்லிப்போட்டினம்."

"ஓம் அண்ணை. என்ரை புரோகிராமிலை ஒரு பிழையும் இல்லை."

ஆனால் ஒன்று மட்டும் மண்டையைக் குடைந்தது. செவ்வாயும் சனியும் கசிவே இல்லை. நோயாளர் தொகையும் அதேதான், கணினியும் அதேதான். ட்றைவர் என்ன, விரதம் பிடிக்கிறதா? அலுவலகத்தில் ஆயிரம் பதிவு போட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டுக் கசியவில்லை. ஒன்பது நாள், இரண்டு கொப்பி நிறையக் குறிப்பெழுதினேன். எழுத எழுதக் குழப்பம்தான் கூடியது. எரிச்சலில் அழுகை வந்தது.

வியாழக்கிழமை நேரே மருத்துவமனைக்குப் போய்ப் பதிவு மேசைக்குப் பின்னால் கதிரை போட்டு இருந்தேன். அங்கே வேலை செய்யும் ஞானாம்பிகை அக்கா ஒவ்வொரு நோயாளருக்கும் புதுப் பக்கம் திறந்தார். இலக்கம் போடும் முதற் பெட்டியில் 'உ' என்று அடித்து என்ரர் தட்டினார். சிவப்பில் பிழைச் செய்தி வந்தது. அதை மூடிவிட்டு உண்மையான இலக்கத்தை அடித்தார்.

"அக்கா, என்ன செய்யிறியள்?"

"பிள்ளையார் சுழி, பிள்ளை. முந்தி அட்டையிலை போடுறனான். வருத்தக்காரற்றை பேரை வெறுமனே தொடங்கலாமே? இது சிவப்பிலை கத்தும், பிறகு விடும்."

"அப்ப செவ்வாய், சனியிலை?"

"அண்டைக்கு நான் ஆஞ்சநேயர் கோவிலுக்குப் போயிடுவன். குருநகர் ஜெனிற்றா வருவா. அவ வேதக்காரப் பிள்ளை, சேர்ச்சுக்குப் போறவ, சுழி போடமாட்டா."

மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். இலக்கம் பிழைத்தால் செய்தி காட்டச் சொல்லி எழுதியிருந்தேன். தரவுத்தளத்துக்குத் திறந்த இணைப்பை மூடச் சொல்லி எழுதவில்லை. ஒவ்வொரு சுழிக்கும் ஓர் இணைப்பு மூடாமல் கிடந்து நினைவகத்தை அடைத்திருக்கிறது. விட்டது ஒரே ஒரு வரி. ட்றைவர் பாவம், நான் மூடச் சொல்லும்வரை காத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

அந்த வரியைச் சேர்த்தேன். மத்தியானம் தாண்டியும் மென்பொருள் படுக்கவில்லை. கோபிசங்கர் அண்ணைக்குப் போன் எடுத்து, "பிழை என்ரைதான் அண்ணை" என்றேன்.

அவர், "அப்ப ட்றைவர் எழுதினவைக்கும் உம்மடை பேரைப் போட்டே எழுதும்" என்றார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. மன்னிப்பை முதலில் கொப்பியில் எழுதிப் பார்ப்போம் என்று பேனையை எடுத்தேன். புதுப் பக்கத்தின் உச்சியில் என் கை தன்பாட்டில் 'உ' போட்டது. முன் பக்கங்களைப் புரட்டினேன். ஒன்பது நாளும், ஒவ்வொரு பக்கத்திலும், அதே சுழி இருந்தது.